'பெரித்' முதல் 'உடன்படிக்கை' வரை

எபிரேயத்தில் 'பெரித்' என்பது உடன்படிக்கையைக் குறிக்கும் சொல். உடன்படிக்கையைச் 'செய்தல்' என்னாது 'வெட்டுதல்' என்பது அம்மொழி வழக்கு. விலங்கைப் பிளந்து அதனிடையே கடந்துசெல்லும் சடங்கின் சுவடு அது என்பர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதற்குத் 'தியாத்தேக்கே' என்னும் சொல் ஆளப்பட்டது. இரு தரப்பினரின் ஒப்பந்தத்தைச் சுட்டச் 'சுந்தேக்கே' என்ற சொல் இருந்தும் அது பெரும்பாலும் விலக்கப்பட்டது. கடவுளும் மனிதரும் ஒத்த நிலையினர் ஆகார் என்னும் கருத்தே இதற்குக் காரணமாகலாம்.

ஆயின் கிரேக்கப் பொதுவழக்கில் 'தியாத்தேக்கே' என்பது பெரிதும் உயிலையே குறித்தது. மொழிபெயர்ப்பின் வழி வந்தேறிய அப்பொருள் புதிய ஏற்பாட்டில் வாதத்திற்கே அடிப்படையாயிற்று. எபிரேயர் திருமுகம் 9ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் உடன்படிக்கையாக நிற்கும் சொல், அடுத்த வசனத்திலேயே, எழுதியவர் இறந்தாலன்றிச் செல்லாத உயிலாகிறது. இலத்தீனின் 'தெஸ்தமெந்தும்' உயில் என்னும் பொருளை மேலும் வலுப்படுத்தியது.

ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் தமிழ்ப் பதிப்பில் முன்னது 'உடன்படிக்கை', பின்னது 'மரணசாசனம்'. தனித்தனியே நோக்கின் இரண்டும் செம்மையான பெயர்ப்புகளே. வாதத்தின் கண்ணி மட்டும் அறுந்துவிட்டது. இரு பொருளையும் ஓரளவேனும் தாங்கவல்ல 'ஏற்பாடு' என்னும் சொல்லோ நூற்பகுதியின் பெயராக முகப்பில் நிற்கிறது. இவ்விரு வசனங்களிலும் அதற்கு இடமில்லை.