சத்தம் கூடினால் பாட்டு நல்லா இருக்குமா? காதை ஏமாற்றும் 1 டெசிபல்... ஸ்டூடியோக்களில் நடப்பது என்ன?

ஒரே பாட்டை இரண்டு முறை போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை சத்தத்தை 1 டெசிபல் மட்டும் கூட்டி வைக்கிறோம். கேட்பவர்களிடம் எது நல்லா இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். "சத்தம் கூட இருந்துச்சு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "குரல் தெளிவா இருக்கு", "பாஸ் நல்லா விழுது" என்பார்கள்.

பாட்டு மாறவில்லை, கருவி மாறவில்லை, மாறியது சத்தம் மட்டுமே. ஒலிப்பதிவு ஸ்டூடியோ முதல் ஹெட்போன் கடை வரை பலரையும் ஏமாற்றுவது இந்தச் சின்ன வித்தியாசம்தான். இது எப்படி நடக்கிறது? தப்பிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

காது ஏன் ஏமாறுகிறது?

நம் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-ல் இதை அளந்து காட்டினார்கள்.

சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள்தான் நம் காதுக்கு மிக எளிதாகக் கேட்கும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தளமான பாஸ் ஒலிதான் முதலில் மங்கிப் போகும். சத்தத்தைக் கூட்டினால் அது திரும்பி வரும், பாட்டு நிறைவாகக் கேட்கும்.

வித்தியாசம் ரொம்பச் சின்னதாக இருந்தால், சத்தம் கூடியது என்றே மூளைக்குத் தெரியாது. தரம் கூடியதாக எடுத்துக்கொள்ளும்.

ஸ்டூடியோவில் இது எங்கே சிக்கலாகிறது?

பாடகரின் குரல் மைக்கில் விழுந்ததும், பிரீஆம்ப் என்ற கருவி அந்தப் பலவீனமான சிக்னலைப் பெருக்குகிறது. அதன்பிறகு அது டிஜிட்டலாக மாறி கம்ப்யூட்டருக்குள் போகிறது. குரலையும் இசைக்கருவிகளையும் சரியான அளவில் கலப்பது மிக்சிங். வெளியீட்டுக்கு முன் செய்யப்படும் கடைசி மெருகு மாஸ்டரிங்.

இந்த வழியில் 'கம்ப்ரஸர்' என்று ஒரு கருவி வரும். வால்யூம் குமிழில் கை வைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பது போலத்தான் அது. பாடகர் உச்சத்தில் பாடும்போது குறைக்கும். அதன்பிறகு மொத்தச் சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டால், மெல்லப் பாடிய வரிகளும் முன்னால் வந்து நிற்கும்.

கருவியை ஆன் செய்ததும் "ஆஹா, நல்லா இருக்கே" என்று தோன்றும். உண்மையில் நல்லா இருக்கிறதா, சத்தம் மட்டும் ஏறியதா? அனுபவமுள்ள சவுண்ட் இன்ஜினியர்கள் இந்த இடத்தில் அவசரப்பட மாட்டார்கள். கருவி ஆனில் இருக்கும்போதும் ஆஃபில் இருக்கும்போதும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் ஒப்பிடுவார்கள்.

கண்ணும் சேர்ந்து ஏமாற்றுமா?

ஏமாற்றும். ஹார்மன் நிறுவன ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும், பிறகு கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் கேட்டார்கள். கண்ணால் பார்த்ததும் பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கருக்கு இறங்கியது.

2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். சிடியைவிட உயர் தரம் என்று சொல்லப்பட்ட பதிவுகளையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் மறைத்து வைத்துப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை நடந்த சோதனையில் சரியாகக் கண்டுபிடித்தது 276 முறை. நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பதில் சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே முடிவுதான் வந்திருக்கும்.

சவுண்ட் இன்ஜினியர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. ஒரு குமிழைத் திருகித் திருகி ஒலி மாறுவதாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கருவி இணைப்பிலேயே இல்லை என்று தெரிந்துகொண்ட அனுபவம் இத்துறையில் பலருக்கும் உண்டு.

'சத்தப் போர்' என்றால் என்ன?

சத்தமான பாட்டு முதல் நொடியில் கவரும் என்பது தெரிந்ததும், ஒவ்வொரு ஆல்பமும் முந்தையதைவிடச் சத்தமாக வரத் தொடங்கியது. ஆனால் டிஜிட்டல் பதிவில் ஒரு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதனால் உச்ச ஒலிகளை நசுக்கி, மற்றதையெல்லாம் மேலே ஏற்றினார்கள். 1990-களில் தொடங்கி 2000-களில் இது உச்சத்துக்குப் போனது.

2008-ல் மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வெளியானபோது ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமிலும் வந்தன. கேமில் கேட்ட ஒலி சிடியைவிடச் சுத்தமாக இருந்தது. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர்.

இதில் இழந்தது என்ன? மெல்லத் தொடங்கி, பொங்கி எழுந்து, அடங்கும் ஏற்ற இறக்கம்தான். எல்லாமே சத்தமாக இருந்தால் டிரம்ஸ் அடிக்கு அழுத்தம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் காதும் சலித்துவிடும்.

இப்போது நிலைமை என்ன?

காது உணரும் சத்தத்தை அளக்க, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் ஒரு முறையை வெளியிட்டது. அதன் அடிப்படையில் 2010-ல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் டிவிக்கான அளவை வகுத்தனர். நிகழ்ச்சியைவிட விளம்பரம் சத்தமாக இருக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஸ்பாட்டிஃபை வழக்கமான செட்டிங்கில் பாடல்களை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் என்ற ஒரே அளவை ஒட்டி ஒலிக்க வைக்கிறது. அளவுக்கு மீறிய பாட்டைத் தானாகவே குறைத்துவிடும். அதாவது, பாட்டை நசுக்கிச் சத்தமாக்கியவருக்கு அந்தச் சத்தம் கிடைக்காது, நசுங்கிய ஒலி மட்டுமே மிஞ்சும்.

'நல்லா இல்லாத' ஸ்பீக்கர் ஏன் பிரபலம்?

யமஹா என்.எஸ்-10 ஸ்பீக்கர் 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்தது. வீட்டில் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் உலகமெங்கும் ஸ்டூடியோக்களில் இடம்பிடித்தது. காரணம், அது எதையும் அழகாக்கிக் காட்டாது. மிக்சில் உள்ள குறை அப்படியே வெளியே வரும். 'இதில் நல்லா கேட்டால் எங்கேயும் நல்லா கேட்கும்' என்ற நம்பிக்கையில், 2001-ல் தயாரிப்பு நின்ற பிறகும் பலர் அதை விடவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கடையில் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது, போன் வால்யூம் ஒரே அளவில் இருந்தாலும் காதில் விழும் சத்தம் ஒன்றாக இருக்காது. ஒன்றைக் கூட்டி அல்லது குறைத்து, இரண்டையும் சமமாக்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

* 'சவுண்ட் எஃபெக்ட்' பட்டனை ஆன் செய்ததும் நல்லா இருப்பதாகத் தோன்றினால், வால்யூமைக் கொஞ்சம் குறைத்து மறுபடி கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் சரி.

* விலையையும் பிராண்டையும் பார்க்காமல், எது எது என்று தெரியாதபடி நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். நன்றாகப் பழகிய பாட்டாக இருக்கட்டும்.

* வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். சத்தத்தால் செவித்திறன் போனால் அது திரும்பி வராது.

பாட்டு மந்தமாகத் தெரிந்தால் உடனே வால்யூமை ஏற்றாமல் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அமைதியான இடத்தில், குறைந்த சத்தத்துக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். பின்னணியில் மெல்ல ஓடும் வயலினும், பாடகர் மூச்சு இழுக்கும் ஓசையும் தானாகவே கேட்கத் தொடங்கும்.