சனிக்கிழமை இரவும் ஒரு மவுத் ஆர்கனும்

எங்கள் ஊர்ப் பூங்காவில் அந்தக் காலத்தில் ஒரு ரேடியோ ரூம் இருந்தது. சாயங்காலம் ஆனதும் பஞ்சாயத்து ஆள் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். கச்சேரி என்றால் பெரும்பாலும் அந்த நேரத்தில் நிலையத்தில் உட்கார்ந்து பாடுவதுதான். பாடகர் தொண்டையைச் செருமுவது, மிருதங்கக்காரர் சுருதி பார்ப்பது எல்லாமே காதில் விழும். இந்த நிமிஷம் அங்கே ஒருவர் நமக்காகப் பாடுகிறார் என்ற நினைப்பே ஒரு சந்தோஷம். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, நாஷ்வில் நகரத்தில் ரைமன் அரங்கம் என்ற பழைய கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தோம். 1892-ல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. உள்ளே சர்ச்சில் இருப்பது போன்ற நீளமான மர பெஞ்சுகள். அதில் உட்கார்ந்ததும் எனக்கு எங்கள் பூங்காதான் ஞாபகம் வந்தது. ‘கண்ட்ரி மியூசிக்’ என்று அவர்கள் சொல்லும் கிராமத்துச் சங்கீதம், அந்த மேடையிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் சனிக்கிழமை தோறும் ரேடியோவில் நேரடியாகப் போயிருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் ஒரு மனிதரின் கதை மனதை விட்டுப் போகவில்லை. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் முன்கதை.

டெக்ஸாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரில் டபிள்யூ.பி.ஏ.பி. என்ற நிலையம் 1923 ஜனவரி 4 அன்று பிடில் வாசிப்பவர்களை அழைத்து, கிராமத்து நடனங்களுக்கான இசையை ஒலிபரப்பியது. இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு அதுதான் ஆரம்பம் என்கிறார்கள். மறு வருஷம் ஏப்ரலில் சிகாகோவில் டபிள்யூ.எல்.எஸ். நிலையம் சனிக்கிழமை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்தியது சியர்ஸ் ரோபக் என்ற பெரிய வியாபார நிறுவனம். ‘உலகத்திலேயே பெரிய கடை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் நிலையத்தின் பெயர். அதே 1924-ல்தான் நம் சென்னையிலும் கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியில் ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியது.

நாஷ்வில்லில் நிலையம் தொடங்கியது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. 1925 அக்டோபரில் ஆரம்பித்த அந்த டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் பெயரும் ‘லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்’ என்ற கம்பெனி வாசகத்தின் சுருக்கம். அதன் ஏஜென்ட்டுகள் வீடு வீடாகப் போய் வாராவாரம் சில்லறையாகப் பிரீமியம் வசூலிப்பவர்கள். அந்த ரேடியோ நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் கிராமத்தில் கதவு திறந்தது. பாட்டுக்குப் பின்னால் வியாபாரம் முதலிலிருந்தே இருந்தது.

அந்த நிலையத்துக்குச் சிகாகோவிலிருந்து வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர். வயது முப்பதுதான். ஆனால் தன்னைக் ‘கிழ நீதிபதி’ என்று அழைத்துக்கொள்வார். 1925 நவம்பர் 28 அன்று அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுப் பிடில்காரரை மைக் முன்னால் உட்காரவைத்தார். கிழவர் ஒரு மணி நேரம் வாசித்தார். அவருடைய அண்ணன் மகளோ தம்பி மகளோ ஒருவர்தான் பியானோ. கேட்டவர்களிடமிருந்து தந்திகளும் கடிதங்களும் குவிந்தன. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி நிலைத்துவிட்டது.

அப்போது பெரும்பாலான பண்ணை வீடுகளில் கரண்ட் கிடையாது. 1930-களின் நடுவில்கூடப் பத்துப் பண்ணை வீட்டில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். ரேடியோ பேட்டரியில் ஓடியது. செட் வைத்திருக்கும் வீட்டில் அக்கம்பக்கத்தார் வந்து கூடுவார்கள். சனிக்கிழமை இரவுக்காகப் பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். நகரத்தார் கேலி செய்த தங்கள் பாட்டு, நகரத்தின் பெரிய நிலையத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய கௌரவமாக இருந்திருக்கும்!

இனி அந்த மனிதரின் கதை. பெயர் டிஃபோர்ட் பெய்லி. 1899 டிசம்பர் 14 அன்று டென்னசி மாநிலக் கிராமத்தில் பிறந்த கறுப்பர். தாத்தா அடிமையாக இருந்தவர், பிடில் வாசிப்பார். மூன்று வயதில் போலியோ வந்து பெய்லி படுக்கையில் கிடந்தபோது கையில் கிடைத்தது மவுத் ஆர்கன். வளர்த்தி ஐந்தடிக்கும் குறைவு. ரயில் பாலத்தின் அடியில் நின்று, தலைக்கு மேல் ரயில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அதை மவுத் ஆர்கனில் கொண்டுவந்தார். தூரத்தில் விசில், நெருங்கி வரும் சக்கரங்கள், கடந்துபோன பின் தேய்கிற சத்தம் எல்லாம் அதில் இருக்கும்.

1927 டிசம்பர் 10. அன்று நியூயார்க்கிலிருந்து வந்த மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீத நிகழ்ச்சி முடிந்து, நாஷ்வில் நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் பெய்லியின் ரயில் பாட்டு. அது முடிந்ததும் ஹே சொன்னார்: இதுவரை ‘கிராண்ட் ஆப்பரா’ கேட்டீர்கள், இனிமேல் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ கேளுங்கள். பட்டிக்காட்டு உச்சரிப்பில் வேடிக்கையாகச் சொன்ன அந்தப் பேரே நிகழ்ச்சிக்கு நிலைத்துவிட்டது. மறு வருஷம் அந்த மேடையில் அதிக முறை வாசித்தவர் பெய்லிதான்.

1932-ல் நிலையத்தின் சக்தி 50,000 வாட் ஆனது. இரவில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கேட்டது. கலைஞர்கள் வாரத்தில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்துவிட்டு, சனிக்கிழமை இரவுக்குள் காரில் நாஷ்வில் திரும்பிவிட வேண்டும். பெய்லியும் கூடப் போனார். ரேடியோவில் முகம் தெரியாது. அவர் கறுப்பர் என்பதே கேட்டவர்களில் பலருக்குத் தெரியாது. மேடையில் கைதட்டு விழும். கச்சேரி முடிந்து வெளியே வந்தால் மற்றவர்கள் தங்கும் ஹோட்டலில் அவருக்கு அறை கிடையாது, அவர்கள் சாப்பிடும் இடத்தில் அவருக்கு இலை கிடையாது.

1941-ல் அவரை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயம் பாட்டு ராயல்டி விஷயத்தில் ரேடியோ நிலையங்களுக்கும் பாடலாசிரியர் சங்கத்துக்கும் தகராறு. பெய்லியின் பழைய பாட்டுகள் சிலவற்றை வாசிக்க முடியாமல் போனது. புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்று அவர் மேல் பழி. இத்தனை வருஷம் அதையே வாசிக்கச் சொன்னது நீங்கள்தானே என்பது அவர் பக்கத்து நியாயம். சில வருஷம் கழித்து ஹே எழுதிய சிறு புத்தகத்தில் அவரைச் சோம்பேறி என்றே குறிப்பிட்டார். நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்த இரவில் வாசித்தவரைப் பற்றி, பெயர் வைத்தவரே எழுதியது இது.

பெய்லி நாஷ்வில்லை விட்டுப் போகவில்லை. ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1943-ல் நிகழ்ச்சி ரைமன் அரங்குக்கு மாறியது. ஏ.சி. இல்லாத கட்டடம், விசிறிக்கொண்டே கேட்ட கூட்டம். ஹாங்க் வில்லியம்ஸ் 1949-ல் அங்கே முதன்முதலாகப் பாடியபோது, கூட்டம் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி விடவில்லை. புகழ் எல்லாம் அங்கே வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதே ஊரில்தான் பெய்லி ஷூ துடைத்துக்கொண்டிருந்தார்.

1974 மார்ச்சில் நிகழ்ச்சி புதிய அரங்குக்குப் போனது. ரைமன் மேடையிலிருந்து ஆறடி வட்டமாக ஓக் மரத்தை அறுத்தெடுத்து, புது மேடையின் நடுவில் பதித்தார்கள். இன்றும் பாடுபவர்கள் அதன் மேல்தான் நிற்கிறார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14, தன் 75-ஆவது பிறந்தநாளில், பெய்லி அந்த மேடையில் மீண்டும் வாசித்தார். 1982-ல் காலமானார். கண்ட்ரி மியூசிக் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2005-ல்.

பழைய மேடையின் மரத்தை ஜாக்கிரதையாக அறுத்தெடுத்துக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு, அந்த மனிதரைக் காப்பாற்ற முப்பது வருஷம் தோன்றவில்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்கு நம் பக்கத்து நினைப்பு வந்தது. பூங்கா ரேடியோவில் கேட்ட கிராமியப் பாட்டுக்காரர்கள், ஒத்து ஊதியவர்கள், பம்பை அடித்தவர்களில் எத்தனை பேரின் பெயர் எனக்குத் தெரியும்? விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையே போதுமானதாக இருந்தது.

உங்களுக்கு யாராவது ஞாபகம் இருந்தால், பெயரும் ஊரும் எழுதி அனுப்புங்கள்.