பெண்கள் கிக்பாக்சிங்

கைக்குத்தும் கால் உதையும் இணைந்த மோதல் விளையாட்டான கிக்பாக்சிங்கின் பெண்கள் பிரிவு. கராத்தேயும் தாய்லாந்தின் முவே தாயும் கலந்து 1960களில் ஜப்பானில் உருவான விளையாட்டு இது. 1970களில் அமெரிக்காவில் தனியாக இன்னொரு கிளை விட்டது.

புதிதாக வரும் பெண்கள் பலர் கால்வலுதான் உதை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் வலு இடுப்பிலிருந்து பிறக்கிறது. சுழல் உதையில் ஊன்றிய பாதம் முன்விரல் பகுதியில் திரும்ப வேண்டும். அது திரும்பாவிட்டால் முறுக்கம் முழுவதும் முழங்காலில் இறங்கும். ஆகவே முதல் வாரங்களில் நிற்கும் நிலை, காலடி நகர்வு, நேர்குத்து ஆகியவற்றிலேயே பொறுமையாக நிற்பது நல்லது. மணிக்கட்டைக் காக்கக் கைப்பட்டை சுற்றியே கையுறை அணிய வேண்டும். நேரடி மோதலுக்குப் பல்காப்பு, தலைக்கவசம், கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான முன்னெலும்புக் காப்பு, மார்புக் காப்பு ஆகியவை தேவை.

போட்டி விதிகள் வகைக்கு வகை மாறும். 'ஃபுல் கான்டாக்ட்' பிரிவில் இடுப்புக்கு மேல்தான் உதைக்கலாம்; 'லோ கிக்' பிரிவில் தொடையிலும் உதைக்கலாம்; 'கே-1' முழங்கால் அடியையும் ஏற்கிறது.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த லூசியா ரைக்கர் பெண்களுடனான போட்டிகளில் தோல்வியே காணாதவர்; பின்னர் குத்துச்சண்டைக்கு மாறினார். ஆனால் திறமை இருந்தும் வாசல் திறக்காத இடங்கள் உண்டு. பாங்காக்கின் புகழ்பெற்ற லும்பினி முவே தாய் அரங்கின் மேடையில் பெண்கள் 2021இல்தான் முதன்முதலாக மோதினார்கள். நியாயப்படுத்த முடியாத தாமதம் அது.