சோற்றுப் பானையில் ஒளிந்திருந்த விடை

வியாதிக்குக் காரணம் தலைவிதி என்று சொல்லிவிடுதல் மிக எளிது. அவ்வாறு சொல்லிவிட்டால் மேற்கொண்டு சிந்திக்க வேண்டிய தொல்லை இல்லை. ஆனால் நோயாளியின் கட்டிலருகே முதன்முதல் நிற்கும் வைத்திய மாணவனுக்குப் போதிக்கப்படும் பாடமோ இதற்கு நேர்மாறானது. கண்ட குறிகளைக் கொண்டு காணாத காரணத்தைத் தேடு என்பதே அப்பாடம். அவ்வாறு தேடியவர்களால் நம் கோலாலம்பூரிலே நிகழ்ந்ததொரு பெருங்காரியத்தை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். அதில் நம் தோட்டத் தொழிலாளரின் சோற்றுப் பானைக்கும் பங்குண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரின் ஈயச் சுரங்கங்களிலும், சிறைச்சாலைகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் பெரிபெரி என்னும் கொடுநோய் மலிந்து கிடந்தது. முதலில் கால் மரத்துப்போகும். பின் நடை தளரும். சிலருக்குக் கால்கள் நீர் கோத்து வீங்கும். வேறு சிலருக்குத் தசை வற்றிக் கால்கள் குச்சியாகும். மார்பு படபடக்கும், மூச்சு முட்டும், முடிவில் இருதயம் ஓய்ந்துவிடும். திடகாத்திரமான வாலிபரும் இதற்குத் தப்பவில்லை.

வைத்தியர்களைத் திகைக்க வைத்தது மற்றொன்று. சுரங்கத்தில் உழைத்த சீனர் கூட்டங்கூட்டமாக இந்நோய்க்கு ஆளாயினர். அதே வெயிலிலும் மழையிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் பாடுபட்ட தமிழரிடையே இது அரிதாகவே காணப்பட்டது. கம்பங்களில் வாழ்ந்த மலாய்க்காரரிடையேயும் அவ்வாறே. இதன் காரணம் யாது? இனத்தின் இயல்பென்றனர் சிலர். மண்ணின் தோஷமென்றனர் வேறு சிலர். 1900-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய நோயாராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரான ஹாமில்டன் ரைட், இஃது ஒரு கிருமியின் வேலை என்று கருதினார். அவரை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. வியாதிக்குமேல் வியாதியாகக் கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவரோ நோயாளியை விட்டு அவனது உணவுத் தட்டை நோக்கினார். சீனர் உண்டது சயாம் முதலிய இடங்களிலிருந்து வந்த, இயந்திரத்தில் தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டிலேயே அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர் உண்டதோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. ஆகவே குற்றம் அரிசியிலேதான் என்று துணிந்து, 1907-இல் பெரியதொரு நூலையும் வெளியிட்டார். வெள்ளரிசியில் நஞ்சு ஒன்று உண்டாகிறது என்று அவர் கொண்டது தவறு. எனினும் அவர் விரல் நீட்டிய திசை சரியானதே.

கருத்து வேறு, நிரூபணம் வேறு. அந்நிரூபணத்திற்கு வழி வகுத்தவர் வில்லியம் பிளெட்சர். 1905-ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர்ப் பைத்தியசாலை என்று அக்காலத்தார் அழைத்த மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை அவர் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவெல்லாம் ஒன்றே. இடத்தின் தோஷமோ என்ற ஐயமும் எஞ்சாதிருக்க, நடுவிலே இரு பிரிவினரையும் இடம் மாற்றிப் பார்த்தார். ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்டோருள் பலர் பெரிபெரியால் வீழ்ந்தனர்; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோயால் இறந்தார் ஒருவருமில்லை.

பின்னர் அதே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேஸரும் ஸ்டான்டனும் ஜெலெபுப் பகுதியில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளரிடையே இதனைச் சோதித்து, 1909-இல் அதே முடிவை வெளியிட்டனர். ஜாவாவில் எய்க்மான் என்னும் வைத்தியர் கோழிகளைக் கொண்டு முன்னரே கண்டதற்கும் இது பொருந்தி நின்றது. நஞ்சு ஏதுமில்லை, தவிட்டோடு போன சத்தே குறை என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. அச்சத்துக்குத் தயாமின் என்று பெயர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலுமுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் பின்பு தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை.

இதனைக் கேட்டுத் தமிழினத்தின் உடல்வலி தனியானது என்று மார்தட்டுவோர் உண்டாயின், அவர்க்கு ஒன்று சொல்வோம். நம்மைக் காத்தது குருதியல்ல, குதிர் நெல்லை அவித்த பழக்கமே. அதே சென்னை மாகாணத்தின் வடபகுதியான ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், தீட்டிய பச்சரிசியை உண்டோர் பெரிபெரியால் வருந்தினர். இனமும் குலமும் விடையளிக்காத கேள்விக்கு உலைமூடியைத் திறந்தபோது விடை கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பதினெண்மரும் தம் சம்மதத்தைச் சொல்லவியலாத நிலையினர். அவர்களைக் கேட்டு அச்சோதனை தொடங்கவில்லை. இக்காலத்தில் அவ்வாறு செய்ய எந்த மருத்துவ சங்கமும் இசையாது. பெயரும் அறியப்படாத அவர்கள் உயிரால் செலுத்திய விலையில்தான் பின்வந்த பல்லாயிரவர் பிழைத்தனர். கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லும்போது அவர்களையும் நினைத்தல் நம் கடமை.

பெரிபெரி பழங்கதையாகி விட்டதென்று இருந்துவிடவும் கூடாது. மிகுந்த குடியில் வீழ்ந்தவர்களிடம் இதே தயாமின் குறை இன்றும் தோன்றி, நரம்பையும் மூளையையும் கெடுக்கிறது. சோற்றுக்குரிய இடத்தை மது பிடித்துக்கொண்டால், எந்தப் புழுங்கலரிசியும் வந்து காவாது. ஆதலின் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நம் வீட்டில் ஒருவர்க்குக் கால் மரத்து நடை தள்ளாடுமாயின், செய்வினை என்றும் சனி என்றும் மந்திரவாதியின் வாயிலை மிதியாதிருப்போம். வைத்தியரிடம் சென்று, அவர் கேட்கும் முன்னரே, என்ன உண்கிறோம், என்ன குடிக்கிறோம் என்பதை மறையாது சொல்வோம். நோயின் காரணத்தைத் தேடும் வேலையில் பாதி அவருடையது. மறு பாதி நம்முடையது.