மறைத்த நோயும் அறிவித்த நோயும்

ஒரு வீட்டில் தொத்து நோய் கண்டால் அதைச் சுகாதார அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பது நாம் அறிந்த விதி. அவ்விதியை நம் நாட்டு மக்கள் எப்போது ஏற்றார்கள், எப்போது அஞ்சி ஒதுங்கினார்கள் என்பதைச் சரித்திரம் கூறுகிறது.

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவியில் நோயாளிகளைப் பரிசோதித்த டாக்டர் அகாசியோ வீகாஸ், பரவிவருவது பிளேக் நோயே என்று தெளிந்து நகராட்சிக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொத்து நோய்ச் சட்டம் நிறைவேறியது. பிரயாணிகளைச் சோதிக்கவும், சந்தேகத்துக்கு உரியவர்களைப் பிரித்துவைக்கவும் அது அதிகாரம் அளித்தது. புனாவில் பட்டாளத்தார் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பூஜை அறையும் பெண்கள் இருந்த உள்கட்டும் தப்பவில்லை. நோய் என்று சொன்னால் உற்றாரைப் பிரிய நேரும், உடைமைகள் தீக்கிரையாகும். ஆகவே மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள்; இறந்தவர்களை இரகசியமாக அடக்கம் செய்தவர்களும் உண்டு. 1897 ஜூன் 22 இரவு, புனாவின் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். சட்டம் கடுமையாக இருந்தும், நோய் இருக்கும் இடம் சர்க்காருக்குத் தெரியாமலே போயிற்று.

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின், பெரியம்மை ஒழிப்பு இயக்கத்திலும் இதே தடை எதிர்ப்பட்டது. இம்முறை மறைத்தவர்களுள் சுகாதார ஊழியர்களும் இருந்தனர். தம் எல்லையில் அம்மை கண்டதாக எழுதினால் மேலதிகாரியின் கண்டனம் வரும் என்று அஞ்சி, அவர்கள் கணக்கைக் குறைத்தே காட்டினர். 1973 இலையுதிர் காலத்தில் வட மாநிலங்களில் வீடு வீடாகத் தேடியபோது, அறிக்கைகளில் இடம்பெறாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டனர்.

அதன்பின் முறை மாறியது. ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, “இப்படி யாரையேனும் கண்டீர்களா?” என்று வினவினர். நோயைத் தெரிவிப்பவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. 1975-இல் அப்பரிசு ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. செய்தி வந்ததும் ஊழியர்கள் விரைந்து சென்று, நோயாளியைச் சூழ்ந்து வாழ்ந்தோர் அனைவருக்கும் அம்மை குத்தினர். 1974-இல் நம் நாட்டில் 1,88,000 பேரைப் பீடித்த நோய், 1975 மே மாதத்தில் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்ட ஒருவரோடு ஓய்ந்தது. 1977 ஏப்ரலில் சர்வதேசக் குழு அதை உறுதிப்படுத்தியது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் புகட்டும் பாடம் ஒன்றே. அறிவித்தவனுக்கு இழப்பு நேருமானால் நோய் ஒளிந்துகொள்ளும். உதவி கிடைக்குமானால் வெளிப்படும். 2012-இல் காச நோயை அறிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2018-இல் அந்நோயாளிகளுக்குச் சத்துணவுக்கென மாதந்தோறும் பணம் வழங்கும் திட்டமும் தொடங்கியது. புனாவில் கற்ற பாடம் வீண்போகவில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

ஆகவே, அடுத்த வீட்டில் தொத்து நோய் என்று கேள்விப்பட்டால் அவ்வீட்டாரை ஏளனம் செய்யாதிருப்பதும் நம் கடமையே. அவர்கள் அச்சமின்றி வாய் திறந்தால்தான் நம் வீட்டுக் குழந்தைகளும் பிழைப்பார்கள்.