எலிகளும் வனேடியமும்



இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று ஐயுறப்பட்ட உலோகம் ஒன்று, சில ஆண்டுகளுக்குள் அதனைத் தணிக்கும் பொருளாகவும் ஆராயப்பட்டது. வனேடியம் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றைச் சொல்லப் புகுமுன், மெக்சிகோ நாட்டுக்கு ஒருமுறை சென்றுவர வேண்டும்.

1801-ஆம் ஆண்டில் அங்கே தெல் ரியோ என்னும் அறிஞர், ஈயக் கனிமம் ஒன்றில் புதிய தனிமத்தைக் கண்டார். அது குரோமியமே என்று பிரெஞ்சு வேதியியலார் ஒருவர் கூறவே, அவர் தம் உரிமையைத் தாமே கைவிட்டார். 1830-இல் சுவீடன் நாட்டுச் செஃப்ஸ்ட்ரம் அதனை மீண்டும் கண்டு, வனதிஸ் என்னும் வடபுலத்து அழகுத் தெய்வத்தின் பெயரை இட்டார். அதன் உப்புகள் பல நிறங்களில் பொலிவதே காரணம்.

1899-இல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர்கள் வனேடிய உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நீரிழிவுடைய மூவருள் இருவருக்குச் சிறுநீரில் சர்க்கரை சற்றுக் குறைந்தது. 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் இதனை நினைப்பார் அரிதாயினர்.

வனேடியம் மீண்டும் அரங்கேறியபோது குற்றவாளியாகவே வந்தது. நம் உயிரணுக்களின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு போன்ற அமைப்பு ஒன்று உண்டு. வனேடேட் என்னும் வனேடியச் சேர்மம் அதனைத் தடுக்கிறது என்று 1977-இல் காண்ட்லியும் அவருடைய தோழர்களும் காட்டினர். சோடியம் வெளியேறாவிடின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறலாம் அன்றோ? ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளுக்கு உணவில் வனேடேட் கலந்து கொடுத்தபோது அழுத்தம் உயர்ந்ததென 1981-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

இனிக் கனடாவின் வான்கூவர் நகருக்கு வருவோம். அங்குள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மக்நீல் என்பவரின் குழுவினர், நீரிழிவுற்ற எலிகள் பருகும் நீரில் வனேடேட்டைக் கலந்தனர். இரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு இறங்கியது. இன்சுலினோ குறைவாகவே இருந்தது. 1985-இல் வெளிவந்த இம்முடிவு பலரைத் திரும்பிப் பார்க்கச் செய்தது.

இதற்கிடையே, அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ரீவன் முதலியோர் எலிகளுக்கு ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்தனர். கலோரிகளில் நூற்றுக்கு 66 பங்கு அச்சர்க்கரையே. (இதைக் கேட்டு மாம்பழத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், எவரும் இப்படி உண்பதில்லை.) ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அழுத்தம் 124-இலிருந்து 145 மில்லிமீட்டருக்கு ஏறியது. இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காமையால், இரத்தத்தில் இன்சுலின் பெருகியிருந்தது. 1987-இல் வெளியான ஆய்வு இது.

பெருகிய இன்சுலின்தான் அழுத்தத்தை ஏற்றுகிறதா? அல்லது இரண்டும் ஒருங்கே தோன்றும் துணைகள் மட்டுமா? என் மனத்தை மிகக் கவர்ந்தது, மக்நீல் குழுவினர் இக்கேள்வியை அணுகிய முறையே. 1994-இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ரக்டோஸ் உண்ட எலிகளுக்கு வனேடில் சல்பேட்டைக் கொடுத்தனர். இன்சுலினும் ஏறவில்லை; அழுத்தமும் ஏறவில்லை. இத்துடன் நிறுத்தியிருந்தால், மருந்து வேறு வழியில் வேலை செய்திருக்கலாம் என்று எவரும் வாதிடலாம். ஆகவே அம்மருந்துண்ட எலிகளுக்கே வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து, பழைய அளவுக்கு உயர்த்தினர். அழுத்தமும் உடன் ஏறிற்று! இவ்வொரு படியில்தான் அந்த ஆய்வின் வலிமை அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அக்குழுவினர் உடலில் எளிதில் சேரும்படி மால்டால் என்னும் பொருளோடு வனேடியத்தை இணைத்த சேர்மத்தையும் சோதித்தனர். இதுவும் அவ்வெலிகளின் அழுத்தத்தைக் குறைத்தது.

ஆயின் எலிக்கு உதவியது மனிதனுக்கு உடனே மருந்தாகிவிடாது. வனேடியம் பசியைக் குறைக்கும், வயிற்றைக் கலக்கும், அளவு மிகுந்தால் நஞ்சாகும். உணவு குறைந்ததனாலேயே நன்மை விளைந்ததோ என்ற ஐயமும் எழும். அதனால் அதே அளவு குறைவாக உண்ணும் எலிகளை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். எலியின் வாலில் சிறு பட்டையைக் கட்டி அழுத்தத்தை அளப்பதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெருண்ட எலிக்கு அழுத்தம் தானே ஏறுமே!

இரத்த அழுத்தத்துக்கு ஏற்கப்பட்ட வனேடிய மருந்து இன்றளவும் எதுவுமில்லை. ஃப்ரக்டோஸ் உண்ட எலி மட்டும் ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்றுவிட்டது. புதிய பொருள்கள் பலவற்றை இன்றும் அதன்மீதே சோதித்துப் பார்க்கிறார்கள்.