நெய்யாறு இடதுகரைச் சானல்: ஒப்பந்தம் இல்லாத உரிமை குறித்து ஒரு மறுவாசிப்பு

அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடல் சேரும் நெய்யாறு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடும் சிறிய ஆறு. அது முழுவதும் தன் நிலப்பரப்புக்குள் அடங்கும் ஆறு, எனவே தமிழகத்தின் விளவங்கோட்டு வயல்களுக்கு அதிலிருந்து நீர் தர வேண்டிய கடமை தனக்கில்லை, தருவதானால் புதிய ஒப்பந்தம் வேண்டும் என்பது கேரள அரசின் வாசிப்பு. 2004 பிப்ரவரியில் இடதுகரைச் சானல் வழியாகத் தமிழகத்துக்கு வந்த நீர் நின்றதிலிருந்து, விவாதம் முழுவதும் இந்த வாசிப்பு வகுத்த களத்திலேயே நடக்கிறது. தமிழகத் தரப்பும் பெரும்பாலும் நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறுதான் என நிறுவவே முனைந்துள்ளது. ஆற்றின் தன்மையிலிருந்து தொடங்குவதே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். தொடங்க வேண்டிய இடம் திட்டத்தின் வரலாறு.

கேரள வாசிப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே முறை. அதற்கு மூன்று தூண்கள் உள்ளன. ஆறு எல்லையைக் கடக்கவில்லை. இரு மாநிலங்களுக்கும் இடையே கையொப்பமிட்ட நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் இல்லை. கேரளத்தின் சொந்தத் தேவை பெருகிவிட்டது. இவற்றுள் இரண்டாவதே மிகுந்த எடை கொண்டது. தமிழகத் தரப்பு தடுமாறுவதும் அங்கேதான்.

ஆனால் ஒப்பந்தம் ஏன் இல்லை? நெய்யாற்றுத் திட்டத்தை 1950களின் தொடக்கத்தில் வகுத்துக் கையில் எடுத்தது திருவிதாங்கூர்-கொச்சி அரசு. அப்போது நெய்யாற்றின்கரை, விளவங்கோடு ஆகிய இரு தாலுகாக்களும் ஒரே திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. தன் மாவட்டத்துக்குள் தானே வெட்டும் சானலுக்காக ஓர் அரசு தன்னோடு ஒப்பந்தம் செய்துகொள்ளாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அணை ஒரு மாநிலத்திலும் சானலின் கடைமடை மறு மாநிலத்திலுமாகப் பிரிந்தது அன்றுதான்.

இந்த நிலைமைக்காகவே எழுதப்பட்டதுபோல் ஒரு பிரிவு 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 108ஐச் சுட்டுவோர் வழக்கமாக அதன் முதல் உட்பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். அது ஏற்கெனவே இருந்த மாநிலங்கள் தங்களுக்குள்ளோ மைய அரசோடோ செய்துகொண்ட ஒப்பந்தங்களும் ஏற்பாடுகளும் தொடர்வதைப் பற்றியது. நெய்யாற்றுக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லாததால் அதை வைத்து வாதிடுவோர் தோற்பது இயல்பே.

இரண்டாம் உட்பிரிவு வேறு நிலைமையைப் பேசுகிறது. பிரிவினையால் பாதிக்கப்பட்ட மாநிலத்தில் கையில் எடுக்கப்பட்டு, சட்டம் குறித்த நாளான 1956 நவம்பர் 1க்குள் முடிவடையாத திட்டங்களுக்கு உரியது அது. அத்தகைய திட்டத்தின் எல்லையையோ நன்மைப் பகிர்வையோ மாற்றக் கூடாது. வாரிசு மாநிலங்கள் இரண்டோ அதற்கு மேலோ தொடர்புடையவையாக இருந்தால், அவை ஒத்துக்கொண்டோ, ஒத்துக்கொள்ளாவிடில் மைய அரசின் ஆணைப்படியோதான் மாற்றலாம். இங்கே ஒப்பந்தம் நீர் தருவதற்கான முன்நிபந்தனையாக வைக்கப்படவில்லை. நீரை நிறுத்துவதற்கான முன்நிபந்தனையாகவே வைக்கப்பட்டுள்ளது. கேரள வாசிப்பு சுமத்தும் மெய்ப்பிப்புச் சுமையை இந்த உட்பிரிவு அப்படியே திருப்பிப் போடுகிறது.

அதே பிரிவு ‘திட்டம்’ எது என்றும் வரையறுக்கிறது. பாசனம், குடிநீர், வடிகால், மின்சாரம் ஆகியவற்றுக்கான திட்டங்களை முதலில் எண்ணிவிட்டு, மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றையோ ஆற்றுப்பள்ளத்தாக்கையோ மேம்படுத்தும் திட்டத்தைத் தனி இனமாகச் சேர்க்கிறது. ஆகவே பாசனத் திட்டம் ஒன்று இப்பிரிவின் பாதுகாப்பைப் பெற, அதன் ஆறு எல்லை கடந்திருக்க வேண்டியதில்லை. முதல் தூண் இங்கே சாய்கிறது.

அணை நிறைவடைந்த ஆண்டு 1958 என்றும் 1959 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. முதற்கட்டப் பணி முடிந்ததையும் அணை திறக்கப்பட்டதையும் ஒன்றாகக் கொள்வதால் இந்த வேறுபாடு எழுந்திருக்கலாம். இதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. எந்த ஆண்டை ஏற்றாலும் அது 1956 நவம்பர் 1க்குப் பிந்தியதே. திட்டம் அன்று முடிவடையாத நிலையில் இருந்தது என்பதே வாதத்துக்குப் போதும்.

இவ்வாதத்தின் மெல்லிய இடம் வேறு. விளவங்கோட்டின் 9,200 ஏக்கர் ஆயக்கட்டு தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் எல்லைக்குள் இருந்ததா, பின்னர் சலுகையாகச் சேர்க்கப்பட்டதா? சானலின் அமைப்பே இதற்குச் சான்று என்பேன். தமிழகம் கோரும் அளவு வினாடிக்கு 150 கன அடி. அவ்வளவு நீரைக் கடைமடை வரை கொண்டுசெல்லும் சானலுக்குத் தலைமதகின் அளவு, படுகையின் சாய்வு, கரையின் உயரம் எல்லாமே தொடக்கத்திலேயே கணக்கிடப்பட வேண்டும். பாறசாலைப் பகுதிக்கு மட்டும் வெட்டிய சானலைப் பின்னர் இரக்கம் கொண்டு இத்தனை ஏக்கருக்கு நீட்ட முடியாது. பிரிந்துபோன தாலுகாவுக்காக ஒரு மாநிலம் தன் செலவில் புதிதாக இவ்வளவு கொள்ளளவைச் சேர்த்திருக்கும் என்பதும் நம்பத்தக்கதாக இல்லை. இது நேர்ச்சான்று அன்று, அனுமானமே. ஆயினும் எதிர் அனுமானத்தைவிட வலுவானது.

மூன்றாவது தூணான தேவையை எளிதாகத் தள்ள முடியாது. குடிநீர்த் தேவை உண்மையானது. எனினும் 2017 வறட்சியில் நெய்யாற்று நீர்த்தேக்கத்தின் காப்புக்காடு என்னும் இடத்திலிருந்து நீரை இறைத்து, கரமனையாற்றின் அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் கொடுத்தது கேரளம். அது சரியான செயல். அதே செயல், ஒரு படுகையின் நீர் தேவை கருதி அடுத்த படுகைக்குப் போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

கேரளத்தின் 2003ஆம் ஆண்டுப் பாசன, நீர்ப்பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து நீர் நின்றதால், இரண்டையும் காரணகாரியமாக இணைப்போர் உண்டு. ஆண்டுகளின் நெருக்கம் மட்டும் அதை நிறுவாது. மைய அரசின் சட்டம் காத்துநிற்கும் ஏற்பாட்டை மாநிலச் சட்டம் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதே ஆராயத் தக்க கேள்வி. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றபின் அதற்கு விடை சொல்ல வேண்டிய இடமும் அதுவே.

வழக்கு மன்றத்துக்கு வெளியே ஒரு வழி இதே இரு மாநிலங்களின் பட்டறிவில் உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் கையொப்பமானது 1970 மே 29இல். அது நடைமுறைக்கு வந்ததாகக் கொண்ட நாளோ 1958 நவம்பர் 9. நீர் முன்னே ஓட, தாள் பின்னே வந்தது. நெய்யாற்றுக்கும் இந்த வரிசை பொருந்தும். சானலை மீண்டும் திறந்து, எல்லையில் இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து அளந்து, வறட்சிக்காலப் பங்கை அதன் பின் எழுதலாம். நெல் இருந்த இடத்தில் வாழையும் மரச்சீனியும் ரப்பரும் பரவிவிட்டதால் 150 கன அடி இன்றும் முழுதாகத் தேவையா என்பதைக் கூட்டு அளவையே சொல்ல வேண்டும். தமிழகம் அந்த அளவைக்கு உடன்பட வேண்டும். எவ்வளவு நீர் என்பது பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. விளவங்கோட்டுக்குப் பங்கு உண்டா என்பதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே தீர்த்துவிட்டது.